டிஷ் விற்பது பாதி, மாட்டித் தருவது மீதி

மின்சாதனக் கடை, டி.வி. கடை, செல்போன் கடை வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் பலர் டிஷ் ஆண்டெனாவும் செட்டாப் பாக்ஸும் விற்கிறார்கள். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். இந்த வியாபாரத்தில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. பெட்டியை விற்றுப் பணத்தைக் கல்லாவில் போட்டவுடன், "மாட்டுவதற்கு இந்தப் பையனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று ஒரு போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதன்பின் அந்த வீட்டு மாடியில் எது நடந்தாலும் நமக்குச் சம்பந்தமில்லை என்பது நம் நினைப்பு.

இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். டிஷ்ஷை விற்கும் கடையே அதைச் சரியாக மாட்டித் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். வாடிக்கையாளரின் நன்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் கடை நிலைத்து நிற்பதற்கும் இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வந்த வழி

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் நடந்தபோது வெளிநாட்டுச் செய்திச் சேனலை நேரடியாகப் பார்க்கும் ஆசை நம் ஊர்களுக்கும் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. ஒளிபரப்புத் தொடங்கியது. அக்காலத்து டிஷ் 8 அடி, 10 அடி, 12 அடி அகலத்தில் கம்பி வலை போட்டு மாடியை அடைத்துக்கொண்டு நிற்கும். கேபிள் நடத்துபவர்களும் வசதியான சில வீட்டுக்காரர்களும்தான் அதை வாங்குவார்கள். அன்று டிஷ் விற்றவர் அதை மாட்டிப் படம் காட்டாமல் பணம் வாங்க முடியாது. விற்பனையும் மாட்டுவதும் ஒரே வேலையாக இருந்தது.

சிறிய டிஷ் வருவதற்குள் தடை வந்தது. வீட்டுக்கு நேரடியாகச் சேனல் பெறும் கே.யு. பேண்ட் கருவிகளுக்கு மத்திய அரசு 1997 ஜூலையில் தடை போட்டது. 2000 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 2003இல் முதல் தனியார் டி.டி.எச். சேவை தொடங்கியது. 2004 டிசம்பரில் பிரசார் பாரதி, மாதக் கட்டணம் இல்லாத சேவையை டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தந்தது. இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்பது அதுவே. 2006க்குப் பின் மற்றத் தனியார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

டிஷ் சிறிதாகி, பெட்டியில் அடைத்து வந்தவுடன், சோப்பு, பிஸ்கட் போல அதுவும் கைமாற்றி விடும் சரக்கு என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. அங்கேதான் பிசகு. புது இணைப்புக்குக் கம்பெனியே ஆள் அனுப்பும் வழக்கம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வீடு மாறும்போதும், மழைக்குப் பின் படம் போகும்போதும், ஃப்ரீ டிஷ் வாங்கும்போதும் மக்கள் நம் கடைப்படிதான் ஏறுகிறார்கள்.

முதலில் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

வாடிக்கையாளர் "ஒரு டிஷ் வேண்டும்" என்று வந்தவுடன் எந்தப் பெட்டியில் லாபம் அதிகமோ அதை எடுத்து நீட்டுவது சரியான வியாபாரம் அல்ல. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? என்ன பார்க்கிறார்கள்? எத்தனை டி.வி. இருக்கிறது? சொந்த வீடா, வாடகை வீடா?

எங்களிடம் சரக்கெடுக்கும் கடை ஒன்றில் ஒரு பெரியவர் வந்து, "அண்ணாச்சி, நானும் வீட்டம்மாவும் மட்டும்தான். எனக்குச் செய்தியும் கிரிக்கெட்டும் போதும். அவளுக்குக் கச்சேரி கேட்டால் போதும்" என்று சொன்னார். கடைக்காரர் அவருக்கு மாதச் சந்தா கட்டும் பெட்டியை விற்கவில்லை. ஃப்ரீ டிஷ் கொடுத்தார். டிடி தமிழ் அதில் வருகிறது. பொதிகை என்ற பெயரில் இருந்த அந்தச் சேனல்தான் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆயிற்று. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்ஷனுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், இந்திய அணியின் முக்கியமான ஆட்டங்களும் அதில் கிடைக்கின்றன. அன்று அந்தக் கடைக்குக் கிடைத்த லாபம் குறைவு. அதன்பின் அந்தக் குடும்பத்தில் மிக்ஸி, மின்விசிறி, மகள் வீட்டுக்கு டி.வி. எல்லாம் அந்தக் கடையில்தான் வாங்கினார்கள்.

அதேசமயம், ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் தமிழ்ச் சேனல்கள் சொற்பம். இந்திச் சேனல்களே அதிகம். மாலையில் தொடர் பார்க்கும் வீட்டுக்கு இதைச் சொல்லாமல், "எல்லாம் இலவசமாக வரும்" என்று விற்றால், மறுநாள் காலையில் பெட்டி திரும்பி வரும். கூடவே நம் பெயரும் கெடும். அந்த வீட்டுக்குச் சந்தா கட்டும் டி.டி.எச். அல்லது உள்ளூர் கேபிள்தான் பொருத்தம். கேபிள் நடத்துபவரும் நம் ஊர்க்காரர், நம்மைப் போல் தொழில் செய்பவர். அவரைக் குறை சொல்லி டிஷ் விற்க வேண்டியதில்லை.

பெட்டியிலும் வகை உண்டு. ஃப்ரீ டிஷ்ஷுக்கு எம்பெக்-2, எம்பெக்-4 என்று இரண்டு வகைப் பெட்டிகள் வருகின்றன. எம்பெக்-4 பெட்டியில் கூடுதல் சேனல்கள் தெரியும். இருப்பில் தங்கிப்போன பழைய வகையைத் தள்ளிவிடுவதற்காக இதை மறைப்பது நியாயமில்லை. செட்டாப் பாக்ஸ் உள்ளே வைத்தே வரும் டி.வி.க்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 18112 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. அத்தகைய டி.வி. வாங்கிய வீட்டுக்கு, இலவசச் சேனல்கள் பார்க்க டிஷ்ஷும் கேபிளும் மட்டும் போதும், தனிப் பெட்டி தேவைப்படாது என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிராட்பேண்ட் இணைப்பு இருந்து, பிள்ளைகள் எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலேயே பார்க்கும் வீடுகளும் இன்று பெருகிவிட்டன. அவர்களிடம் "உங்களுக்கு டிஷ் தேவையில்லை" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடைக்காரர், வேண்டும் என்று சொல்லும்போது ஜனங்கள் நம்புவார்கள்.

கம்பெனி மாற்றும் வாடிக்கையாளரிடம் புது டிஷ்ஷையும் சேர்த்து விற்பது இன்னொரு வழக்கம். பெட்டி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிஷ் எல்லாம் ஒரே தகடுதான். துருப்பிடிக்காமல், வளையாமல் இருந்தால் பழைய டிஷ்ஷையே புதுத் திசைக்குத் திருப்பலாம். எல்.என்.பி. பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அதற்கு மாட்டும் கூலியை வாங்கிக்கொள்வோம். தகட்டுக்குக் காசு வாங்க வேண்டாம்.

மாடியில் தெரிய வேண்டிய கணக்கு

மாட்டும் வேலை தெரியாமல் டிஷ் விற்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. டிஷ்ஷின் முகம் ஒரு டிகிரி விலகினால் அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் ஒரு விளிம்பு 1 சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஏறக்குறைய ஒரு டிகிரி ஆகிவிடுகிறது. ஒன்றரை டிகிரி தவறினால் சிக்னலில் பாதி போய்விடும். போதாக்குறைக்கு 91.5, 93.5, 95 டிகிரிகளில் அடுத்தடுத்துக் கோள்கள் நிற்கின்றன. பக்கத்துக் கோளைப் பிடித்துவிட்டு, "சிக்னல் இருக்கிறது, படம் வரவில்லை, பாக்ஸ் கெட்டுவிட்டது" என்று நல்ல பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

மதுரையை வைத்துக் கணக்குச் சொல்கிறோம். டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட்-15 கோளிலிருந்து 93.5 டிகிரி கிழக்கில் வருகிறது. மதுரையில் நின்று பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக 122 டிகிரியில், தரையிலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கும். 83 டிகிரியில் இருக்கும் டாடா பிளே இன்னும் தெற்காக, சுமார் 77 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. 108.2 டிகிரியில் இருக்கும் ஏர்டெல் கிழக்கே சரிந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. "பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கிறது, உங்கள் வீட்டில் வராது" என்று பல மெக்கானிக்குகள் கையை விரித்துவிடுகிறார்கள். 69 டிகிரி உயரத்தில் இருக்கும் கோளுக்கு, டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்த சுவர் எதிரே நின்றாலும் 4 அடி தள்ளி வைத்தால் போதும். 53 டிகிரிக்கு ஏழரை அடி தள்ள வேண்டும். ஆகவே நெருக்கமான தெருவிலுள்ள வீட்டுக்கு எந்தச் சேவை எளிதாகக் கிடைக்கும் என்று கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். சுவரைவிட மரம்தான் தொந்தரவு. இன்று இடைவெளி இருக்கும் வேப்பமரம் அடுத்த ஆண்டு தழைத்து மறைத்துவிடும்.

திசை பார்க்கும் காம்பஸ் கருவியை இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்கோ கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூணுக்கோ அருகில் வைத்தால் அது தவறான திசையைக் காட்டும். மெக்கானிக் நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

அடுத்தது டிஷ்ஷின் அளவு. கே.யு. பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழை அதைத் தடுத்துவிடும். பழைய பெரிய டிஷ்கள் வாங்கிய சி-பேண்ட் அலை மூன்று மடங்கு நீளம் என்பதால் மழைக்கு அவ்வளவாக அசையாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி பார்க்க வேண்டிய நேரத்தில்தான் நம் வீட்டு டிஷ்ஷில் படம் போகிறது. 60 சென்டிமீட்டருக்குப் பதில் 75 வைத்தால் பிடிக்கும் பரப்பு ஒன்றரை மடங்கு. 90 வைத்தால் இரண்டேகால் மடங்கு. கனமழை பெய்யும் கடற்கரை ஊர்களுக்கும் மலை ஊர்களுக்கும் பெரிய டிஷ்ஷைச் சொல்ல வேண்டும். மழை கொட்டும்போது எந்த டிஷ்ஷிலும் சற்று நேரம் படம் போகலாம் என்பதையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதேபோல் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், சில நிமிடங்கள் படம் கெடும். பழுது அல்ல என்று முன்கூட்டிச் சொன்ன கடைக்குப் புகார் வராது.

கம்பமும் காற்றும்

2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வர்தா புயலும், 2018 நவம்பர் 16 அன்று நாகை, வேதாரண்யம் பக்கம் கஜா புயலும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்தன. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் மேல் 25 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை விழும். 90 சென்டிமீட்டர் டிஷ் என்றால் சுமார் 60 கிலோ. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட்டுப் போட்டு மாட்டிய டிஷ், சுவரின் பூச்சையும் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு தெருவில் விழும். கீழே நடந்துபோகிறவரின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாடிப்படி அறையின் 9 அங்குலச் சுவர் நல்ல இடம். அது இல்லாவிட்டால் கான்கிரீட் தூண். தட்டோடு பதித்த தளத்தில் துளை போடவே கூடாது. அடுத்த மழைக்கு அறைக்குள் ஒழுகும். வீட்டுக்காரரோடு ஆயுள் பகை வரும். வேறு இடமே இல்லை என்றால் கனமான கான்கிரீட் கட்டை வார்த்து அதில் கம்பத்தை நிறுத்தலாம். ஓட்டு வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கூரையில் தொங்கவிடாமல், தரையில் குழி எடுத்து இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு ஜி.ஐ. பைப்பை நிறுத்த வேண்டும். கம்பம் நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்தால் டிஷ்ஷில் உள்ள டிகிரிக் குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

கேபிளில் செய்யும் சிக்கனம்

எல்.என்.பி. கோளிலிருந்து வரும் அலையைத் தாழ்த்தி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையாகக் கேபிளில் அனுப்புகிறது. அதே கேபிளின் வழியாகத்தான் பாக்ஸ் 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி மாற்றி மின்சாரம் கொடுத்து எல்.என்.பி.யை இயக்குகிறது. சிக்னலும் மின்சாரமும் ஒரே கம்பியில் போவதால் கேபிள் நல்லதாக இருக்க வேண்டும். ஆர்.ஜி.-6 என்று மேலே அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே செம்புக் கம்பியா, செம்பு பூசிய இரும்புக் கம்பியா என்று நறுக்கிப் பாருங்கள். மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறோம். செம்பு பூசியதைச் செம்பு என்று சொல்லி அனுப்பும் சரக்கை நாங்கள் கொள்முதல் செய்யக் கூடாது. சில்லறைக் கடைக்காரரும் பில்லில் எது என்று எழுதிக் கேட்க வேண்டும்.

இரண்டு டி.வி. உள்ள வீட்டில் ஒரு கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பாக்ஸ் 13 வோல்ட் கேட்கும்போது இன்னொன்று 18 வோல்ட் கேட்டால், ஒரு டி.வி.யில் படம் இருண்டுவிடும். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. போட்டு இரண்டு கேபிள் இழுப்பதுதான் முறை. இதைக் கடையிலேயே சொல்லிப் பில் போட்டால் பிறகு தகராறு இல்லை.

கேபிளை நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. வெளியிலுள்ள கனெக்டரைத் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், பாக்ஸுக்குள் வராது. கம்பத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் டி.வி. பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வைக்கும்படி வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இவை எல்லாம் ஐந்து நிமிட வேலைகள். செய்யாமல் விடுவதால்தான் எல்.என்.பி.யும் பாக்ஸும் அடிக்கடி போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதன் 86ஆவது பிரிவை நம் உறுப்பினர்கள் அவசியம் படிக்க வேண்டும். பொருளைச் சேர்த்துப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் எடுக்கத் தவறினாலும், ஆபத்து பற்றித் தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கைகளை வாடிக்கையாளருக்குச் சொல்லத் தவறினாலும், அதனால் வரும் தீங்குக்கு விற்பவர் பொறுப்பாளி ஆகலாம் என்கிறது அந்தப் பிரிவு.

"அப்படியானால் மாட்டித் தராமல் ஒதுங்குவதே பத்திரம்" என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டாவது பகுதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாட்டித் தராவிட்டாலும் எச்சரிக்கையைச் சொல்லும் கடமை நம்முடையதே. துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தது நாம்தான் என்று வாடிக்கையாளர் எங்கும் சொல்வார். பொறுப்பு எப்படியும் நம்மைத் தொடரும் என்றால், வேலையை நம் கண்பார்வையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

லாபக் கணக்கு

"இதற்கெல்லாம் கட்டுபடியாகுமா?" என்பதுதான் முக்கியமான கேள்வி. தொகை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறோம். ஒரு செட்டுக்கு 150 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். 10 செட் விற்றால் 1,500 ரூபாய். அதில் மூன்று வீட்டில் சரியாக மாட்டாமல் பெட்டி திரும்பி வந்தால், அந்த லாபத்தில் 450 போய்விடும். பிரித்த பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டும். கடை வாசலில் சத்தம் கேட்டு உள்ளே வராமல் போன வாடிக்கையாளரை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

இதையே மாட்டும் கூலி 300 என்று பில்லிலேயே தனியாகக் காட்டி வாங்குவோம். மெக்கானிக்குக்கு 200, கடைக்கு 100. பத்து வீட்டுக்கு 1,000 ரூபாய் கூடுதல் வரவு. அதில் 500ஐ மறுபடி போய்ப் பார்க்கும் செலவுக்கு ஒதுக்கினாலும், 500 கையில் நிற்கும். பெட்டியும் திரும்பி வராது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். பாக்ஸும் டிஷ்ஷும் இன்று செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகின்றன. விலையில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் ஆர்டர் வாங்கிய கம்பெனி மழை விட்ட மறுநாள் மாடி ஏறி வந்து டிஷ்ஷைத் திருப்பிவிட்டுப் போகாது. அந்த வேலை ஒன்றுதான் நம் கையில் மிச்சம் இருக்கிறது. அதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் நம் கடைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. டிஷ் வியாபாரம் முன்போல் இல்லை, குறைந்து வருகிறது என்பதும் உண்மைதான். குறைந்து வரும் சரக்கில் நாளைக்கு என்ன மிஞ்சும்? டிஷ் மாட்டிய நம்பிக்கையில் அதே வீட்டுக்கு வைஃபை, கேமரா, இன்வெர்ட்டர், சோலார் என்று நாளைக்கு மாட்டப்போகும் வேலைதான் மிஞ்சும்.

மாடி ஏறுகிறவரின் உயிர்

கூலிக்கு மாடி ஏறும் மெக்கானிக்கின் நிலையை நாம் எண்ணுவதேயில்லை. ஈரச் சுவரில் ஒரு கை, கேபிள் மறு கை என்று கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நிற்கிறார்கள். தெருவில் போகும் மின்கம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் இரும்புப் பைப்பைத் தூக்குகிறார்கள். ஒரு நிமிடம் தவறினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். மழையிலும் இருட்டிய பின்பும் மாடி ஏறச் சொல்லக் கூடாது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில்தான் மாட்ட வேண்டும். இடம் அப்படி இல்லை என்றால் விற்பனையே வேண்டாம். இடுப்புக் கயிறு கடைச் செலவில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. 18 வயது முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். நம் கடைக்கு வேலை செய்யும் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் அந்த 20 ரூபாயை நாம் கட்டுவது ஒரு டீச் செலவுதான். அது போதாது என்பதால் வசதியுள்ள கடைகள் இதைவிடப் பெரிய விபத்துக் காப்பீடும் எடுத்துத் தரலாம்.

சங்கத்தின் முன் வைக்கும் யோசனைகள்

1. டிஷ் விற்கும் உறுப்பினர் கடைகள் எல்லாம், மாட்டும் கூலியைப் பில்லில் தனியே காட்டி வாங்க வேண்டும். வாய்ச்சொல் பேரம் கூடாது.

2. மாட்டி முடித்தவுடன் ஓர் அட்டை தர வேண்டும். தேதி, எந்தக் கோள், டிஷ்ஷின் அளவு, கேபிளின் வகையும் நீளமும், அன்று பாக்ஸில் காட்டிய சிக்னல் அளவு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பிறகு புகார் வந்தால் அந்த அளவோடு ஒப்பிட்டாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

3. மாட்டிய 30 நாட்களுக்குள் ஒரு முறை கட்டணமில்லாமல் வந்து பார்த்துத் தர வேண்டும்.

4. பழைய டிஷ், எல்.என்.பி., பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரெங்கும் மாடிகளில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருக்கும் டிஷ்கள் அடுத்த புயலுக்குக் காத்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி இறக்குவதே ஒரு சேவை.

5. ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மெக்கானிக்குகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். இடமும் கருவிகளும் சாப்பாடும் மொத்த வியாபாரிகளின் பொறுப்பாக இருக்கட்டும். எங்கள் பங்குக்கு நாங்கள் தயார்.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. அட்டை அடிக்கும் செலவும் கொஞ்சம் நேரமும்தான். ஒரு கடை மட்டும் செய்தால் "அங்கே கூலி அதிகம்" என்று பக்கத்துக் கடைக்குப் போவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சங்கமாகச் சேர்ந்து முடிவெடுக்கச் சொல்கிறோம். எல்லாக் கடையிலும் ஒரே முறை என்று ஆகிவிட்டால், யார் கூலி குறைவு என்ற பேச்சு போய், யார் வேலை சுத்தம் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் ஜெயிப்பவர் நெடுநாள் கடை நடத்துவார்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு விவாதிக்குமாறு நிர்வாகிகளையும், தங்கள் கருத்தை எழுதி அனுப்புமாறு உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு முடிவு எடுத்துச் செயல்படுத்துவோமாக.